தங்கச்சி கேட்ட கேள்வி: இணையத்தில் எந்த மொழியில் எழுதுவது?

சித்தி மகள் மஸ்கட்டில் நர்ஸ். போன மாதம் ஒரு ராத்திரி டியூட்டி முடிந்ததும் நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பினாள். வளைகுடாவுக்கு வேலைக்கு வர நினைக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பிராமெட்ரிக் என்ற நர்ஸ் உரிமப் பரீட்சைக்கும் டேட்டாஃப்ளோ சான்றிதழ் சரிபார்ப்புக்கும் ஏஜென்டிடம் காசைக் கொட்டுகிறார்களாம். தான் பட்ட பாட்டை எல்லாம் எழுதி இணையத்தில் போட்டால் நாலு பேராவது தப்பிப்பார்கள் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. கடைசியில் கேட்டாள்: "எழுதிருவேன் அண்ணா. எந்த பாஷையில எழுதணும்னுதான் தெரியல்ல. வீட்டுல ஒண்ணு, வார்டுல ஒண்ணு, பரீட்சையில ஒண்ணு."

என்னிடம் கேட்டதில் நியாயம் உண்டு. குழித்துறை கோர்ட் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, வாடகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடிப்பேன். அதோடு, திருவிதாங்கூர்க் காலத்து மலையாள ஆதாரங்களை (சொத்துப் பத்திரம்தான், பிரமாணம் என்றும் சொல்வோம்) வாசித்துத் தமிழில் எழுதிக் கொடுப்பேன். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால், மேற்கே பல வீட்டு அலமாரிகளில் இன்னும் மலையாளப் பிரமாணம்தான் கிடக்கிறது. பேரப்பிள்ளைக்கு அதில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. ஒரே கம்ப்யூட்டரில் மூன்று கீபோர்டையும் மாற்றி மாற்றி அடிப்பவன் நான். பழைய ஆதாரத்தை எப்படி வாசிப்பது என்று ஆறேழு வருடமாக மூன்று மொழியிலும் எழுதிப் பார்த்தவனும் கூட. கண்டதை அவளுக்கு எழுதினேன். அதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆங்கிலத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நானும் அதில்தான் தொடங்கினேன். ஆசை வேறென்ன, நிறைய பேர் வாசிப்பார்கள் என்பதுதான். ஊர் மண்ணை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு தாத்தாவின் சொத்துப் பத்திரத்தை வைத்து முழிக்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம்தான் வசதி. தேடினால் சுலபமாகச் சிக்கும். எழுத்துரு உடையாது. விளம்பரக் காசும் ஆங்கிலத்துக்குத்தான் கூடுதல். கூகுள் ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டதே 2018-ல்தான். அதை நம்பித் தமிழில் எழுதினால் மாதக் கடைசியில் சாயாக் காசு தேறும், அவ்வளவே.

கொல்லம் ஆண்டை, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கை, ஆங்கில ஆண்டாக மாற்றுவது எப்படி என்றுதான் ஆங்கிலத்தில் முதலில் எழுதினேன். பழைய ஆதாரத்தில் முதல் வரியிலேயே தேதி வந்துவிடும்: கொல்லம் ஆண்டு இன்னது, மாதம் இன்னது, நாள் இன்னது. அந்த ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்று எழுதிவிட்டேன். நிறைய பேர் வாசித்தார்கள், நன்றி சொன்னார்கள். ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை. ரெண்டு வருடம் அது அப்படியே கிடந்தது.

பிறகு அதையே தமிழில் எழுதிப் போட்டேன். பத்து நாள் இருக்கும். வேட்டியும் துவர்த்தும் (துண்டு) ஆக ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். கையில் நான் எழுதியதன் பிரிண்ட். பேத்தி எடுத்துக் கொடுத்ததாம். 825 என்ற எண்ணைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன். சாயா வேண்டாம் என்றார்.

"தம்பி, எழுதினது நல்லாத்தான் இருக்கு. இந்த இடம் தெத்து. கோயில் பிரவேச விளம்பரம் எந்தக் கொல்லம்?"

எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜா போட்ட உத்தரவைத்தான் கேட்கிறார். தெரியாது என்றேன்.

"ஆயிரத்து நூற்றிப் பன்னெண்டு துலாம் இருபத்தேழு. உமக்க கணக்குக்கு அது முப்பத்தேழில்லா வரும்? அது முப்பத்தாறு நவம்பர் பன்னெண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடச் சொல்லும்."

1112-ஓடு 825 கூட்டினால் 1937. அவர் சொன்னதுதான் சரி. கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அங்கிருந்து தனு மாதத்தின் நடுவரைக்கும், அதாவது டிசம்பர் முடியும்வரை, 824 கூட்டவேண்டும். ஜனவரி பிறந்தபிறகுதான் 825. சும்மா ஒரு வருட வித்தியாசம் என்று தோன்றும். இரண்டு ஆதாரத்தில் எது முந்தியது என்று வழக்கு நடக்கும்போது அந்த ஒரு வருடத்தில் ஒரு தோட்டமே கைமாறிவிடும்.

அன்றைக்கு ராத்திரியே இரண்டையும் திருத்தினேன். ஆங்கிலத்தில் அந்தத் தவறை ஏன் ஒருவரும் பிடிக்கவில்லை? வாசித்தவர்களுக்குக் கொல்லம் ஆண்டு தெரியாது, தெரியாததால்தான் வாசித்தார்கள். தெரிந்தவர்கள் கருங்கலிலும் அருமனையிலும் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் எதையும் தேடப்போவதில்லை.

எங்கள் பக்கம் அதங்கோடு என்று ஒரு ஊர் உண்டு. தொல்காப்பியத்தைக் கேட்டுக் குற்றம் பார்த்தவர் அதங்கோட்டாசான் என்று அதன் பாயிரம் சொல்கிறது; அந்த ஆசான் இந்த ஊர்க்காரர்தான் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள், மார்தட்டவும் செய்வார்கள். எனக்கு மார்தட்டல் முக்கியமில்லை. 'அரில் தப' என்று அதில் ஒரு சொல் வருகிறது. பிசிறு நீங்க என்று பொருள். அந்தப் பெரியவர் பென்சிலோடு வந்தபிறகு, ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்குமுன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்த ஆள் எந்த மொழியில் வாசிப்பார்?

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் மலையாளத்துக்கு நல்ல மார்க் விழும். ஆதாரத்தின் மொழியே அதுதானே. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அதே மாதிரி ஆதாரம் எழுதிப் பழகிய எழுத்தர்கள் இன்றும் தொழிலில் இருக்கிறார்கள். மலையாளத்தில் இரண்டு கட்டுரை எழுதினேன். வந்த பதில்கள் அத்தனையும் கனமானவை. இந்தச் சொல் இந்தப் பகுதியில் இப்படி, அந்தப் பகுதியில் அப்படி என்று பிரித்துச் சொன்னார்கள். கூடவே என் மலையாளத்தையும் திருத்தினார்கள், அது வேறு கதை. நான் பேசிப் பழகிய மலையாளம் வேறு, எழுதும் மலையாளம் வேறு. வாயில் வருவதை அப்படியே எழுதினால் எல்லையில் களியக்காவிளை தாண்டியதும் சிரிக்கிறார்கள்.

அடிப்பதிலும் ஒரு தொல்லை. மலையாளத்தில் 'சில்லு' என்று புள்ளியில்லாத ஒற்றெழுத்துகள் உண்டு. அவற்றுக்கு யூனிகோடில் தனி இடம் கிடைத்தது 2008-ல், 5.1 பதிப்பில்தான். அதற்கு முந்திய கோப்புகளைத் திறந்தால் சொல்லின் வால் அறுந்து நிற்கும். ஒரே சொல்லை இரண்டு விதமாக அடிக்கலாம் என்பதால் பழைய கோப்பில் தேடினாலும் ஒழுங்காகச் சிக்காது. தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே இடம் பிடித்துவிட்டோம், எழுத்தும் கம்மி. ஆனால் அந்தப் பக்கத்தை நாம் கிண்டல் செய்யவும் முடியாது. யூனிகோடு பரவும்வரை டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியேற்றம் வைத்துக்கொண்டு நாம் அடித்துக்கொண்டதும் எனக்கு நினைவிருக்கிறது. 2005 வாக்கில் அடித்து வைத்த மனு ஒன்று போன வாரம் எனக்கே புரியவில்லை.

மலையாளத்தில் எழுதினால் ஊருக்குள் ஒரு பேச்சும் கேட்க வேண்டிவரும். என் மாமா ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "ஐம்பத்திநாலுல சுட்டதெல்லாம் மறந்துபோச்சா பிள்ளே?" 1954 ஆகஸ்ட் 11-ஐத்தான் சொல்கிறார். தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். அந்த வலி எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் சுட்டது மலையாளமல்ல, அரசாங்கம். தாத்தா பள்ளியில் படித்தது மலையாளம், வீட்டில் பேசியது தமிழ். மரச்சீனிக் கிழங்கு நட்ட கணக்கைத் தமிழில் சொல்லி மலையாள எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் வைத்துக் கேட்டார், அவியல் ஆறிக்கொண்டிருந்தது.

நம் மாவட்டத்து எழுத்தாளர்களைப் பார்த்தாலும் இந்த இரட்டை வாழ்க்கை தெரியும். சுந்தர ராமசாமி பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுதப் படிக்கக் கற்றதே பதினெட்டு வயது வாக்கில்தான். பிறகு மலையாள நாவலாசிரியர் தகழியைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரானும் மலையாளம் வழியே படித்து வந்தவர். தமிழில் எழுதி 1997-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார். ஜெயமோகன் இரண்டிலும் எழுதுகிறார். இரண்டு தெரிந்தவன் ஒன்றைத் தேர்ந்தால் மற்றதை விட்டுவிடுவான் என்பது இவர்கள் விஷயத்தில் நடக்கவில்லை. தேர்ந்த மொழிக்குள் மற்ற மொழியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்து நம்ம ஊர்ப் பேச்சு. எழுத எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 'எனக்க வீடு', 'அவிய வருவினும்', 'வெள்ளம் கோரினா' என்று எழுத ஆரம்பித்தால் விரல் தானாக ஓடும். தாத்தாவின் நோட்டைப் பற்றி இப்படி ஒன்று எழுதினேன். வாசித்துவிட்டு அபுதாபியிலிருந்து ஒருவர் போன் போட்டு அழுதார். ஆனால் ஆதாரம் வாசிக்கும் முறையை இதில் எழுதினால் தாங்காது. ஒரு காரணம், எல்லை குறுகல். விளவங்கோட்டுப் பேச்சைத் தோவாளைக்காரர் தன் பேச்சென்று ஒத்துக்கொள்ளமாட்டார். நாஞ்சில் நாட்டுக்காரருக்கு அவர் பேச்சுதான் பேச்சு. இன்னொன்று தேடல். நாங்கள் மரச்சீனி என்போம். வெளியூர்க்காரர் மரவள்ளி என்றுதான் தேடுவார், வேறு பக்கத்தில் குச்சிக்கிழங்கு, அந்தப்பக்கம் கப்பை. 'வெள்ளம் குடித்தேன்' என்று எழுதினால் திருச்சிக்காரர் ஆற்றில் விழுந்த கதை என்று நினைப்பார்.

ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்புக்குச் சரி. மழையும் மலையும் சிலர் கையில் ஒரே எழுத்தில் வந்து நிற்கும் ஒன்றை வைத்துச் சொத்துக் கணக்கும் எழுதமுடியாது, மருந்துக் கணக்கும் எழுதமுடியாது.

'எதில் எழுதினால் என்ன, மெஷின் மொழிபெயர்த்துவிடுமே' என்று கடைப் பையன் கேட்டான். வக்கீல் ஒருவரும் அதையே கேட்டார். எழுதப்போகும் எல்லோரும் கேட்கும் கேள்வி என்பதால் இதற்குக் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் மெஷின் நன்றாகவே முன்னேறிவிட்டது, நானே தினமும் பயன்படுத்துகிறேன். அது மாட்டிக்கொள்வது அக்காள் தங்கை போல முகமொத்த சொற்களில்தான். ஆதாரத்தில் அடிக்கடி வரும் ஒன்று, அவகாசம். மலையாளத்தில் அதற்கு உரிமை என்று பொருள். அவகாசி என்றால் வாரிசு. தமிழில் அவகாசம் என்றால் நேரம், தவணை. 'இன்னாருக்கு இதில் அவகாசமில்லை' என்ற வரியைத் தமிழ் மட்டும் தெரிந்தவர் வாசித்தால், பாவம் அவருக்கு நேரமில்லை போலும் என்று நினைப்பார். உள்ளபடி அந்த வரி ஒருவரைச் சொத்திலிருந்தே வெளியே நிறுத்துகிறது. இந்த இடத்தில் சறுக்குவது மெஷின் மட்டுமில்லை, மனுஷனும்தான். ஆனால் மனுஷன் எழுதியதைத் தெரிந்தவர் பார்த்தால் திருத்துவார். மெஷின் பெயர்த்துக் கொடுப்பது ஒவ்வொருவர் போனிலும் தனித்தனியாக நடக்கிறது. அங்கே பென்சிலோடு யாரும் வரமுடியாது.

தங்கச்சியின் உலகத்திலும் இப்படிச் சொற்கள் கிடக்கின்றன. தமிழில் வலி என்றால் நோவு. மலையாளத்தில் வலி என்றால் இழுப்பு, வலிவு என்றால் மூச்சிழுப்பு. தமிழில் அவசரம் என்றால் ஓடவேண்டும். மலையாளிகள் அவசரம் என்று எழுதுவது பெரும்பாலும் வாய்ப்பை. வேலைவாய்ப்புத் தகவலில் இது வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம், வார்டில் வந்தால் சிரிக்கமுடியாது.

மிச்சமிருப்பது பொதுத்தமிழ். நாளிதழ்த் தமிழ் என்றும் சொல்லலாம். 2011 கணக்கெடுப்புப்படி நாட்டில் 6.9 கோடிப் பேருக்குத் தமிழும் 3.48 கோடிப் பேருக்கு மலையாளமும் தாய்மொழி. இலங்கையும் சிங்கப்பூரும் மலேசியாவும் தமிழுக்குக் கூடுதல். ஆனால் அந்த எண்ணிக்கை என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. கொல்லம் ஆண்டுக் கணக்கை வாசிக்கப்போவது ஏழு கோடிப் பேர் இல்லை, நாலு தாலுகா. பொதுத்தமிழில் எழுதும்போது என் ஊர்ச் சொல்லை விடவேண்டியதும் இல்லை. முதல் தடவை 'தீறாதாரம், அதாவது கிரயப் பத்திரம்' என்று ஒரு வரியில் சேர்த்துச் சொல்லிவிட்டால் பிறகு தீறாதாரம் என்றே எழுதலாம். தேடுகிறவருக்கும் சிக்கும், ஊர்ப் பெரியவருக்கும் அந்நியமாகாது. குறை இல்லாமல் இல்லை. கொஞ்சம் கவனம் தவறினால் மொழி அரசாணை மாதிரி விறைத்துக்கொள்ளும். அலுவலகக் கடிதம் அடித்து அடித்து என் கை அப்படிப் பழகிவிட்டது. உரக்க வாசித்துப் பார்ப்பேன், வாய் இடறுகிற இடத்தை மாற்றுவேன்.

ஆகவே என் விஷயத்தில் முடிவு லேசாக வந்தது. ஆதாரம் வாசிக்கும் முறை பொதுத்தமிழில். சொற்பொருள் சந்தேகங்கள் மட்டும் மலையாளத்தில், அதுவும் கேள்வியாக. வெளியூர்ப் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சுருக்கம், தமிழில் பிழை திருத்தி முடிந்தபிறகு. தாத்தா நோட்டு ஊர்ப் பேச்சில்.

அவள் விஷயம் அவ்வளவு லேசில்லை. என் பெரியவர் கேள்வியை அவளுக்குப் போட்டால், அவளைவிட விவரம் தெரிந்தவர்கள் யார்? பதினைந்து இருபது வருடமாக வளைகுடாவில் இருக்கும் மூத்த நர்ஸ்கள். அவள் வார்டில் அவர்கள் அநேகமாக மலையாளிகள். அப்படியானால் மலையாளத்தில் எழுத வேண்டும். ஆனால் மலையாளத்தில் இந்தத் தகவல் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது; அவளே அதைப் படித்துத்தான் பரீட்சை எழுதினாள். இல்லாமல் தவிப்பது நாகர்கோவில், திருநெல்வேலி பக்கத்து நர்சிங் காலேஜ் பிள்ளைகள். அவர்களால் மலையாளம் வாசிக்கமுடியாது. ஆங்கிலத்தில் பரீட்சையே எழுதுவார்கள், ஆனால் ஏஜென்ட் எங்கே ஏமாற்றுவான் என்பதை ஆங்கிலத்தில் வாசித்தால் பாதிதான் தைக்கும். கையெழுத்துப் போடப்போகும் அம்மைக்கும் அப்பனுக்கும் அந்தப் பாதியும் இல்லை. பணம் கொடுப்பவர்கள் அவர்கள்தானே.

திருத்தக்கூடியவர் ஒரு மொழியில், தேவைப்படுகிறவர் வேறொரு மொழியில். என் கடைக்கு வந்த பெரியவரிடம் இரண்டும் ஒன்றாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

அவளுக்கு நான் எழுதியது இது: தமிழில் எழுது. பரீட்சைப் பெயர், படிவத்தின் பெயர், மருந்து அளவு எல்லாம் பரீட்சையில் எப்படி வருமோ அப்படியே தமிழ் எழுத்தில் போடு, புதுச் சொல் கண்டுபிடிக்காதே. 'நோவு' என்றே எழுது, 'வலி'யை ஒருதரம் பக்கத்தில் வை. கட்டணமோ விதியோ எழுதினால் எந்த மாதத்து நிலவரம் என்று சேர்த்து எழுது. அது மாறிக்கொண்டே இருக்கும் சமாச்சாரம். போடுவதற்கு முன்னால் உன் வார்டு சேச்சி ஒருத்தருக்கு மலையாளத்தில் வாசித்துக் காட்டு. மொழிபெயர்த்து எழுத வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் பார்த்துப் பார்த்துச் சொன்னால் போதும்.

"அது நல்லா இருக்கு அண்ணா, ஆனா சேச்சி சும்மா விடமாட்டாவ" என்றாள். விடாதவராகப் பார்த்துத்தான் பிடிக்கச் சொன்னேன்.

நேற்று முதல் கட்டுரையின் படி வந்தது, எட்டுப் பக்கம், நோட்டில் எழுதிப் போட்டோ எடுத்தது. தண்ணீர் வருகிற இடத்திலெல்லாம் வெள்ளம் என்று எழுதியிருந்தாள். ஓர் இடத்தில் மட்டும் மாற்றச் சொன்னேன், நோயாளிக்குக் கொடுக்கும் அளவு வருகிற இடம். ராத்திரி பத்தரைக்கு மறுபடியும் ஒரு மெசேஜ்: "சேச்சிக்கு வாசிச்சுக் காட்டினேன் அண்ணா. மூணாம் பக்கம் வந்ததும் நிப்பாட்டிட்டா. அது தெத்தாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போடவேண்டாம், அடுத்த ஞாயிறு போடலாம்."